பங்கு கேட்காத எஜமான்

பிரசங்க பீடத்தில் நின்று, "அந்த எஜமான் கடினமான ஆள்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, எஜமான் வாசலால் உள்ளே வந்தான்.

கதையில் வருகிற எஜமானைச் சொல்லவில்லை. என்னுடைய எஜமான். பெயர் சிவம். நெற்றியில் திருநீறு, காலில் வெள்ளைச் சப்பாத்து. எங்கள் ஆலயத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, கழற்றாமலே கடைசி வாங்குப் பலகையில் வந்து இருந்தான்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு வாய் தன் பாட்டில் ஓடத் தொடங்கும். மூளை கடைசியாக, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி, பின்னால் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவரும். அன்றும் அதே ஒழுங்கில்தான் நடந்தது.

"கடினமான ஆள் எண்டு அந்த வேலைக்காரன்தான் சொன்னவன்" என்றேன் சபையைப் பார்த்து. "நான் சொல்லேல்லை. எஜமான் உண்மையில் தங்கமான மனிசன். நல்ல நிறம். நல்ல உடம்பு."

சபை என்னைப் பார்த்தது. முன் வரிசையில் இருந்த என் மனைவி ஜெயா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். தகரக் கூரையின் கீழே சுற்றிய ஒற்றை மின்விசிறி மட்டும் நான் சொன்னதை நம்பியது போல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

புதைத்தவன் பக்கம்

நான் போதகர் இல்லை. நெடுங்கேணிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் ரியூப்பும் உழவு மெஷின் பெல்ட்டும் விற்கிற ஆள். எங்கள் போதகர் மூன்று இடத்துச் சபைகளைத் தனியாகப் பார்க்கிறவர், என்னைவிட இளையவர். கடையில் வாய் ஓயாமல் பகிடி விடுகிறவனுக்குப் பிரசங்கமும் வரும் என்று அவருக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது. அந்த மாதம் முழுக்கக் கணக்கு ஒப்புவிக்கும் உவமைகள். என் தலையில் விழுந்தது மூன்று வேலைக்காரர் கதை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எஜமான் தூரதேசம் போகிறார். தன் சொத்தை மூன்று பேரிடம் ஒப்படைக்கிறார். இரண்டு பேர் அதைப் பெருக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்தாங்கொள்ளி. மண்ணுக்குள் புதைத்து வைத்து, எஜமான் வந்ததும் தோண்டி அப்படியே கொடுக்கிறான். எஜமான் அவனைத் திட்டித் துரத்துகிறார்.

சின்ன வயதிலிருந்தே நான் மூன்றாமவன் கட்சி. பயந்தவனுக்குப் பயந்தவன் துணை.

அதிலும் எங்கள் பக்கத்தில் அவனைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? சண்டைக் காலத்தில் ஊர் விட்டு ஓடியபோது தையல் மெஷினைப் புதைத்தவர்கள் இருந்தார்கள். தண்ணீர் இறைக்கிற மெஷினுக்குக் கிரீஸ் பூசி, உரப்பையால் சுற்றிப் புதைத்தவர்கள் இருந்தார்கள். தண்ணீரூற்றுக் கிராமத்தில் என் சித்தப்பா கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளைக் குடத்தைப் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அடையாளத்துக்கு வைத்த வேப்பமரமே இல்லை. வீட்டு வளவு முழுக்கக் கிண்டி, கடைசியில் குடம் அகப்பட்டபோது அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். அவரிடம் போய், நீ ஏன் அந்தக் குடத்தை இரண்டாக்கவில்லை என்று எந்த எஜமான் கேட்பார்?

இதைப் போதகரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்:

"அண்ணை, அந்த எஜமான் இடம்பெயராத ஆள்போல."

அந்த ஒரு வசனத்துக்காக அவர் தருகிற எந்த வேலையையும் செய்யலாம் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். அதன் பலன்தான் மேலே சொன்னது.

வாரத்துக்கு விட்ட மாடு

சிவம் எனக்கு எப்படி எஜமான் ஆனான் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவன் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வந்த குடும்பம். எங்கள் வளவுக்கு அடுத்த வளவு. நானும் அவனும் ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே குளத்தில் நீந்தி, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். ஒரு வித்தியாசம், அவனுக்கு மாடு தெரியும். இருபது வயதுக்குள்ளேயே, மாடு வாங்கப் போகிறவர்கள் கனகராயன்குளத்திலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள். மாட்டை ஒருமுறை சுற்றி வருவான். முதுகில் கை வைப்பான். "வேண்டாம்" என்பான், அல்லது ஒன்றும் சொல்லாமல் கயிற்றைப் பிடிப்பான். அவன் கயிற்றைப் பிடித்த மாடு பிழைபோனதாகக் கதையே இல்லை.

வெளிநாடு போகும்போது தன் மூன்று பசுக்களை என்னிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாடு கொடுத்தவருடையது, பராமரிப்பு நம்முடையது. பால் நமக்கு. பிறக்கிற கன்றுகள் இருவருக்கும் பாதி. பிரிக்கிற நாள் வந்தால், பராமரித்தவன் கன்றுகளை இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். எந்தக் கூறு தனக்கு என்று முதலில் எடுப்பது மாட்டுக்காரன். பிரிக்கிறவன் எடுக்க முடியாது, எடுக்கிறவன் பிரிக்க முடியாது. இதைவிட நல்ல நியாயத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்க்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எடுக்கிறவன் நேரில் வந்து நின்றுதான் எடுக்க வேண்டும். ஆள் வராவிட்டால் பங்கு பிரியாது. பங்கு பிரியும்வரை எல்லாக் கன்றுக்கும் மாட்டுக்காரனின் குறியைத்தான் சுட வேண்டும்.

சிவத்தின் குறி "சி". வலப்பக்கத் தொடையில்.

ஒழுங்கையைக் கடக்கிற எழுத்து

நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது மாடுகளின் கயிற்றை அறுத்துக் காட்டுப்பக்கம் துரத்திவிட்டோம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முகாம்களில் இருந்து திரும்பி வந்த பிறகு ஆண்கள் கூட்டமாகக் காட்டுக்குள் போய்த் தேடினார்கள். காட்டு மாடாகிவிட்ட வீட்டு மாடுகள் எங்களைக் கண்டதும் பாய்ந்து ஓடின. நானும் அவற்றைக் கண்டதும் பாய்ந்து ஓடினேன். எதிர் எதிர்த் திசையில்.

என் குறி போட்ட மாடு ஒன்றுகூட அகப்படவில்லை. பழைய எஜமானைத் திரும்பப் பார்க்க அவற்றுக்கு விருப்பம் இல்லைப்போல. அகப்பட்டது ஒரே ஒரு நாகு, முதல் கன்று ஈனாத இளம் பசு. தொடையில் மயிர் மூடிக் கிடந்ததை விலக்கிப் பார்த்தேன். "சி".

அந்த ஒன்றிலிருந்து வந்தவைதான் இன்றைக்கு என் பட்டியில் நிற்கிறவை எல்லாம். பெரிய பட்டி இல்லை. ஆனால் பின்னேரம் மேய்ச்சலால் திரும்பி வீட்டு முன் ஒழுங்கைப் பாதையைக் கடக்கும்போது பார்த்தால், ஒவ்வொன்றின் தொடையிலும் "சி", "சி" என்று போகும். "சிவத்தின்ர மாடு வருது, சைக்கிளை ஓரம் கட்டு" என்பார்கள் ஊரில். அப்படிச் சொல்கிற பாதிப்பேர் சிவத்தைக் கண்டதே இல்லை.

நான் கண்டிருக்கிறேன். அதனால் அந்த நேரம் நான் படலை வாசலில் நிற்பேன். மாடு எண்ணுவதாக ஜெயாவிடம் சொல்வேன்.

இத்தனை வருடத்தில் சிவம் போனில் எல்லாம் கேட்பான். மழை, குளம் நிரம்பி வான் பாய்ந்ததா, யாருக்குக் கல்யாணம், யார் செத்தது. மாட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால், "அதைப் பிறகு கதைப்பம்" என்பான். நேரில் வந்து கேட்கத்தான் சேர்த்து வைக்கிறான் என்று நான் நினைத்தேன்.

ஷாம்பூ

அந்த வியாழக்கிழமை அழைப்பு வந்தது. சுவிஸிலிருந்து வந்து, கனகராயன்குளத்தில் அக்கா வீட்டில் நிற்கிறானாம்.

"ஞாயிறு வாறன் மச்சான். மாட்டு விசயமும் ஒருக்காக் கதைக்க வேணும்."

காது சூடானது.

மூன்று பசு விட்டுப்போன மனிசன். இத்தனை வருடத்தில் அது காடு நிறைய வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பான். இருப்பதோ ஒரு கொட்டிலுக்குள் அடங்குகிற பட்டி. மிச்சத்தை நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தால்? கடைக்கு ரியூப் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் என் பராமரிப்புக் கணக்கை ஒப்புவித்துப் பழகினேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அண்ணை, ரியூப் இருக்கோ இல்லையோ?" என்றார்.

சனிக்கிழமை மாடுகளைக் குளத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினேன். சவர்க்காரம் முடிந்துவிட்டது. ஜெயாவின் ஷாம்பூப் போத்தலை எடுத்தேன்.

"ஏனப்பா, உங்களுக்கு விசரே?" என்றாள் ஜெயா, வெறும் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தபடி. "நான் உங்களைக் கட்டி இவ்வளவு காலத்தில எனக்கு ஒரு நாள் தலை தேச்சு விட்டிருக்கிறியளே?"

"நீர் பங்கு பிரிக்க வாற ஆள் இல்லைத்தானே."

அதற்கு அவள் சொன்ன பதிலை இதை அச்சடிக்கிற ஆசிரியர் வெட்டிவிடுவார். நானே வெட்டிவிடுகிறேன்.

தேத்தண்ணி

பீடத்துக்குத் திரும்புகிறேன். எப்படி முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. போதகர் கடைசிப் பாட்டுக்குப் பக்கம் தேடி முடிப்பதற்குள் நான் ஆமென் சொல்லிவிட்டேன். ஆராதனை முடிந்து, முற்றத்தில் தேத்தண்ணியும் பணிஸும். சிவம் என்னைக் கட்டிப்பிடித்தான். வாசனைத் தைலம் மணத்தது. தலை பாதி நரைத்திருந்தது.

"நல்லாத்தான் கதைக்கிறாய். அந்த முதலாளி பாவம், என்ன?"

"அவன் ஏன் பாவம்?"

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வாறான். எல்லாரும் அவனைக் கண்டு பயப்பிடுகினம்."

பக்கத்தில் நின்ற போதகர் பணிஸைக் கடிக்காமல் நிறுத்தினார். அடுத்த கிழமைப் பிரசங்கத்துக்கு அவருக்கு விசயம் கிடைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு மட்டும் எதுவும் உள்ளே போகவில்லை. நான் பின்னேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மாடுகள் வந்தன. புழுதியும் ஷாம்பூவும் கலந்த ஒரு மணம் பட்டிக்குள் நிறைந்தது. சிவம் வேலிக்கு வெளியே, சப்பாத்தில் சாணி படாத இடம் பார்த்து நின்றான். நான் தொண்டையைச் செருமினேன்.

"மச்சான், முதல் மூண்டில ஒண்டும் மிஞ்சேல்லை. இந்தா நிக்கிற கிழவி அதுகளில ஒண்டின்ர கன்று. மிச்சமெல்லாம் இதின்ர…"

"விடடா."

"இல்லை, நீ கேக்க வேணும்."

"நான் கேக்க வரேல்லை." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "காணியை அக்காவின்ர பேருக்கு மாத்தியாச்சு. வீட்டையும் அவவே பாக்கட்டும். இந்த மாடு ஒண்டுதான் மிச்சம் கிடந்தது. எல்லாம் நீயே வைச்சிரு மச்சான். உன்ர குறியைச் சுடு. எனக்கு ஒரு நிம்மதி."

ஜெயா குசினி வாசலில் நின்றபடி, "அவர் நல்ல மனசோட சொல்லுறார்" என்றாள் மெதுவாக.

நல்ல மனசுதான். பயம் போய்விட்டது. காது குளிர்ந்துவிட்டது. எனக்குப் பட்டி முழுக்கச் சொந்தமாகிவிட்டது. அந்த நேரம்தான் நெஞ்சுக்குள் ஏதோ சறுக்கியது.

கணக்குக் கேட்கிற கதைகளை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எஜமான் வருகிறார், கேட்கிறார், கோபிக்கிறார். வந்து, தேத்தண்ணி குடித்து, "எல்லாம் நீயே வைச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போகிற எஜமானைப் பற்றி ஒரு கதையும் இல்லை. கோபிக்கிறவனுக்கு அந்த வீட்டில் இன்னும் ஏதோ இருக்கிறது. இவனுக்கு ஒன்றும் வேண்டாம். காணியில்லை, வீடில்லை, மாடுமில்லை என்றால் இவன் இனி எதற்கு வருவான்? என் குறியைச் சுட்டால், நாளைப் பின்னேரம் ஒழுங்கையால் எவனுடைய பெயர் போகும்?

கள்ள விசாரிப்புக்காரன்

பிரசங்கங்களில் எல்லோரும் தட்டிக் கழிக்கிற உவமை ஒன்று உண்டு. ஓர் ஐசுவரியவானின் சொத்தைப் பார்க்கிற விசாரிப்புக்காரன். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், எஜமானுக்குக் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, கடன் சீட்டில் உள்ள அளவுகளைத் தாறுமாறாகக் குறைத்துவிடுகிறான். எஜமானுக்கு அது தெரியவருகிறது. கெட்டிக்காரன் என்று அவனைப் புகழ்கிறார். ஏன் புகழ்ந்தார் என்று கேட்டால் போதகரே கண்ணாடியைத் துடைப்பார்.

எனக்கு அன்று கொஞ்சம் விளங்கியது. கள்ளத்தனம் செய்தாலாவது எஜமான் திரும்பிப் பார்ப்பார்.

படலையைத் திறந்து உள்ளே போனேன். மயிலைப் பசுவையும் கன்றையும் கிழக்குப் பக்கம் சாய்த்தேன். சினைப்பட்ட நாகை அதனோடு விட்டேன். இரண்டு நல்ல சிவலைப் பசுக்களையும் விட்டேன். மேற்குப் பக்கம் பால் வற்றிய கிழவி, ஒரு காலை இழுக்கிற பசு, மெலிந்த ஒரு சோணிக் கன்று, வேலி பாய்கிற நாம்பன் காளை.

"இந்தப் பக்கம் என்ர" என்றேன் கிழக்கைக் காட்டி. "அது உன்ர."

"எனக்கு வேண்டாமெண்டு சொன்னனான்."

"வேண்டாட்டி விடு. ஊர்ச்சனம் கேட்டா, சிவம் நேரில வந்து, சுத்திப் பார்த்து, இதுதான் நல்லதெண்டு எடுத்ததெண்டு சொல்லுறன்."

அவன் மேற்குப் பக்கத்தைப் பார்த்தான். சோணிக் கன்று அந்த நேரம் பார்த்து இருமியது.

"ஆர் பிரிச்சது உது?"

"நான்தான்."

"ஆர் முதல் எடுத்தது?"

"அதுவும் நான்தான்."

"பிரிச்சவனே எடுக்கிறதோ? எந்த ஊரில நடக்குது உந்த நியாயம்?"

"ஊரில இல்லாத ஆளுக்கு ஊர் நியாயம் எதுக்கு?"

பகிடியாகத்தான் தொடங்கினேன். வாய் மூளையை முந்திவிட்டது. சொன்ன பிறகு குரல் எனக்கே பிடிபடவில்லை. ஜெயா குசினி வாசலில் இருந்து, "என்னப்பா கதை இது?" என்றாள்.

சிவம் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, வேலிக் கட்டையில் கொளுவினான். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தான். வெளுத்துப்போன கால்கள். சாணிக்குள் ஒரு கணம் தயங்கி நின்றன. பிறகு நடந்தன.

மயிலையைச் சுற்றி வந்தான். முதுகில் கை வைத்தான்.

"உந்த நாகை இஞ்சால விடு. மயிலை எனக்கு. ஒரு சிவலையை நீ வைச்சிரு, மற்றது இங்க வரட்டும். கிழவியை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்."

"அப்ப அது உன்ர பக்கம். அந்த நாம்பன்?"

"வேலி பாயும்."

"அதுவும் உனக்கு. உன்ர குணம்தானே."

இருட்டும்வரை நின்றோம். அவன் எடுத்தான், நான் முறையிட்டேன், அவன் என் முறைப்பாட்டைப் பகிடி பண்ணினான். "இவ்வளவு காலம் வைச்சிருந்து ஒரு நல்ல நாம்பன் எடுக்கத் தெரியேல்லை உனக்கு" என்று ஏசினான். ஒவ்வொரு ஏச்சுக்கும் நான் கையைக் கட்டிக்கொண்டு, "ஓம், ஓம்" என்றேன். இவ்வளவு காலத்தில் எனக்கு யாரும் அப்படி இனிமையாக ஏசியதில்லை.

கடைசியில் அந்த வருடத்துக் கன்றுகள் இரண்டையும் காட்டி, "இதுகளுக்கு ஏன் குறியில்லை?" என்றான்.

"மழை முடியச் சுடுவம் எண்டு இருந்தனான்."

"சுடாதை. நான் வந்து சுடுறன்."

"எப்ப?"

அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

கேட்கட்டும்

அவன் போய் இரண்டாவது மாரி மழையும் வந்துவிட்டது. இப்போது போன் எடுத்தால் குளத்தைக் கேட்பதில்லை, கல்யாணத்தைக் கேட்பதில்லை. மயிலை எத்தனை போத்தல் கறக்குது, நாகு என்ன கன்று போட்டது, ஏன் இவ்வளவு பிந்திச் சினைப்பட்டது, நீ என்னத்தைப் பாத்தனி. எனக்குக் காது சூடாகிறது. எழுந்து நின்றுதான் பதில் சொல்கிறேன். எப்ப வாறாய் என்று நான் கேட்டால், லீவு கிடைக்க வேணும் என்கிறான்.

கன்றுகள் இரண்டும் வளர்ந்து கொம்பு வைத்துவிட்டன. இரண்டின் தொடையிலும் ஒரு எழுத்தும் இல்லை. காட்டோரம் இருக்கிற ஊரில் குறியில்லாத மாடு கண்டவன் மாடு. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, கையில் தடியோடு அவற்றின் பின்னால் திரிகிறேன். சந்தையில் என்னைக் கண்டால், "எழுத்து வாசிக்கப் போறார்" என்று சிரிக்கிறார்கள்.

நேற்று ஜெயா பொறுமை இழந்துவிட்டாள்.

"பேசாமல் ஒரு குறியைச் சுட்டு விடுங்கோவன். ஆரின்ர குறியெண்டாலும் பரவாயில்லை. உதுகள் ஒரு நாள் காட்டுக்க போனா, அவர் வந்து கேட்டா என்ன சொல்லுவியள்?"

"கேக்கட்டும்" என்றேன். "முதல் வந்து கேக்கட்டும்."